திருநெஷ் கொண்டுபோன மிஷின்

அந்த வீடியோவை நிறுத்தாத பிள்ள, ஓடட்டும். நானும் பாக்கேன். சத்தத்தைப் பத்தி எனக்கொண்ணும் இல்ல, காது முக்கால்வாசி போயாச்சு. இது எந்த ஊரு? ஓ, இங்கன கடலுக்கு அந்தப் பக்கமா. ஜனாதிபதி மாளிகையா அது? மெத்தையில ஏறிப் படுத்துக் கிடக்கானே ஒருத்தன், செருப்புக் காலோட. நீச்சல் குளத்துல எவ்வளவு கூட்டம். எல்லாருக்கும் சிரிச்ச முகம், பாத்தியா.

அந்தச் சிரிப்பை நான் முன்னாலயே பாத்திருக்கேன். உங்க அம்மாவே அப்போ பிறந்திருப்பாளோ என்னமோ. ராஜா ஆண்ட நாட்டுல நான் குடியிருந்தேன். குடியிருக்கும்போதே அந்த ராஜா இல்லாமப் போனாரு. அதே வீடு, அதே தெரு, ராஜா மட்டும் இல்ல.

எத்தியோப்பியா. ஆப்பிரிக்காவுல இருக்கு. எங்க வீட்டு சாருன்னா என் புருஷன், அங்க கணக்கு வாத்தியார். பேரு ஞானசிகாமணி. என் பேரு சுகிர்தம். பாளையங்கோட்டைக்குக் கிழக்க எங்க ஊரு. எங்க அப்பா சர்ச்சுல உபதேசியார். அந்தக் காலத்துல நம்ம பக்கத்துல இருந்தும் கேரளாவுல இருந்தும் வாத்தியாருங்க அங்க நிறையப் போனாங்க. அந்த ராஜா ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் கட்டிட்டு, பாடம் சொல்லிக் கொடுக்க நம்மளத்தான் கூப்பிட்டாரு. நல்ல ராஜான்னுதான் நான் இன்னைக்கும் சொல்லுவேன். யாரு என்ன சொன்னாலும் சரி.

தெஸ்ஸின்னு ஒரு ஊரு. மலை மேல, எப்பவும் குளிரு, சுத்தி தைல மரம். எங்களுக்குக் கல்லு வீடு. பின்னால ஒரு தகரக் கொட்டகை. முன்னறைச் சுவர்ல ராஜா படம் இருக்கும். கடைக்குக் கடை, வீட்டுக்கு வீடு இருக்கும் அது. நான் இயேசு படத்துக்குப் பக்கத்துல, கொஞ்சம் கீழ இறக்கி மாட்டியிருந்தேன். அந்த மரியாதை எனக்குத் தெரியும்.

எழுபத்தி மூணுல எங்க மக பியூலா கைக்குழந்தை. இப்போ இந்த ரயில்ல அவ வீட்டுக்குத்தான் போயிட்டிருக்கேன். அந்த வருஷம் மெயின் ரோட்டோரமா ஜனங்க வந்து உக்கார ஆரம்பிச்சாங்க. கிராமத்துல இருந்து நடந்தே வந்தவங்க. எலும்பும் தோலும். லாரி போற ரோடுலா, யாராவது எதாவது போட்டுட்டுப் போவாங்கன்னு உக்காந்திருப்பாங்க. உக்காந்தவங்க அப்படியே சாஞ்சிருவாங்க. எங்க வீட்டு சார் 'பஞ்சம்'னு சொன்னாங்க. ரேடியோவுல அப்படி ஒரு வார்த்தை வரல. பேப்பர்ல வரல. ஹெட்மாஸ்டர் கிட்டக் கேட்டா, 'ஏதோ திருவிழாவுக்கு வந்தவங்க போல இருக்கு அம்மா'ன்னு சொல்லுதாரு. பெரிய மனுஷன் சொல்லும்போது நான் எதை நம்ப? மார்க்கெட்டுக்கு அந்த வழியாப் போறத விட்டுட்டேன். சுத்துப் பாதை ஒண்ணு இருந்துச்சு.

அந்தக் கூட்டத்துல இருந்துதான் திருநெஷ் வந்தா. சார்தான் ஒரு நாள் சாயங்காலம் கூட்டிட்டு வந்து அடுப்பங்கரை வாசல்ல நிறுத்துனாங்க. பத்தொம்பது, இருபது வயசு இருக்கும். நின்னா விழுந்துருவா போல இருக்கா. 'இவளுக்குக் கஞ்சி கொடு சுகிர்தம், கொஞ்சங் கொஞ்சமாக் கொடு, ஒரேயடியாக் கொடுத்தா செத்துப் போவா'ன்னாங்க. நான் கொடுத்தேன். என் கையாலதான் கொடுத்தேன், அதை மறந்துராத. பின்னால நடந்ததெல்லாம் கேக்கும்போது இதையும் நீ ஞாபகத்துல வச்சுக்கிடணும்.

அவளுக்கு அப்பா, ரெண்டு அண்ணன்மாரு, எல்லாம் போயாச்சு. அம்மா மட்டும் மிச்சம், கிராமத்துலயே கிடக்கா. அங்க நிலமெல்லாம் பெரிய பெரிய பிரபுங்க கையில. உழுறவன் விளைச்சல்ல பாதிய அளக்கணும். அந்த வருஷம் மழையே இல்ல, ஆனாலும் பிரபுவோட ஆள் வந்து அளக்கச் சொல்லியிருக்கான். விதைக்கு வச்சிருந்ததை அள்ளிட்டுப் போயிட்டான். திருநெஷ் இதை அழாமச் சொல்லுவா. கடைசியில மட்டும், 'ராஜாவுக்கு இது தெரியாது. தெரிஞ்சிருந்தா வந்திருப்பாரு'ம்பா. தினமும் காலையில முன்னறையக் கூட்டும்போது அந்தப் படத்துக்கு முன்னால நின்னு குனிஞ்சு கும்பிடுவா. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். அடக்கமான பிள்ளைன்னு எழுதினேன் ஊருக்கு.

தேறினப்புறம் எங்க வீட்லயே இருந்துட்டா. பின்னால தகரக் கொட்டகையில படுத்துக்கிடுவா. பியூலாவ முதுகுல துணியால கட்டிக்கிட்டே எல்லா வேலையும் பாப்பா. ரசம் வைப்பா, நம்மள மாதிரியே வைப்பா. நான் திட்டினா தலையக் குனிஞ்சுக்கிடுவா. சார் மட்டும் சாயங்காலம் அவளை உக்கார வச்சு அந்த ஊர் பாஷை எழுத்து, கூட்டல் கழித்தல் எல்லாம் சொல்லிக் கொடுத்தாங்க. அந்த எழுத்தை அவங்களே அப்பத்தான் படிச்சிருந்தாங்க. 'வேலைக்கு வந்தவளுக்கு எதுக்கு இதெல்லாம்'னு கேட்டேன். 'இவ உன்னையும் என்னையும் விட வேகமாப் பிடிக்கா சுகிர்தம்'னு சொல்லிட்டு அவங்க பாட்டுக்கு நடத்துவாங்க.

டீ வேணுமா உனக்கு? வேண்டாமா. சரி.

மறு வருஷம் ஆரம்பத்துலயே ஒண்ணொண்ணா நின்னுச்சு. டாக்சி ஓடல. பள்ளிக்கூடத்துல வாத்தியாருங்க ஸ்ட்ரைக். பட்டாளத்துலயே கலகம்னு சொல்லுதாங்க. மாணவருங்க ஊர்வலம் போறாங்க, 'உழுறவனுக்கு நிலம்'னு கத்திக்கிட்டு. ராஜா ஒரு மந்திரியை மாத்துறாரு, இன்னொருத்தரப் போடுறாரு, சம்பளத்தைக் கூட்டுறாரு, ஒண்ணும் நிக்கல. தினம் ஒரு பிரபுவைப் பிடிச்சு உள்ள போட்டாங்கன்னு ரேடியோ சொல்லும். யாரு பிடிக்கா, யாரு சொல்லிப் பிடிக்கா, ஒண்ணும் தெரியாது. பட்டாளக்காரங்க கமிட்டின்னு மட்டும் சொன்னாங்க.

அப்புறம் ஒரு நாள் மார்க்கெட் சுவர்ல படம் ஒட்டியிருந்தாங்க. நானும் திருநெஷும் காய் வாங்கப் போயிருந்தோம். ஒரு பக்கம் அரண்மனையில நாய்க்குத் தட்டுல கறி வைக்கிறது. இன்னொரு பக்கம் ரோட்டோரம் விழுந்து கிடக்கிற ஜனங்க. திருநெஷ் கூடையைக் கீழ வச்சுட்டு அது முன்னால நின்னா. எழுத்துக் கூட்டிக் கூட்டி முழுசும் படிச்சா. எனக்கு நேரமாகுது, குழந்தை அழுது. 'வா'ங்கேன், வரல. படிச்சு முடிச்சுட்டு என்னைப் பாத்து ஒரே வார்த்தைதான் சொன்னா. 'தெரிஞ்சிருக்கு.'

வீட்டுக்கு வந்து கூடையை இறக்கி வச்சுட்டு நேரா முன்னறைக்குப் போனா. ஸ்டூலைப் போட்டு ஏறி ராஜா படத்தைக் கழட்டுறா. நான் அடுப்பங்கரையில இருந்து ஓடியாந்தேன்.

'யாரைக் கேட்டு எடுத்தே?'

'யாரைக் கேட்டு மாட்டுனீங்க?'

அது வரைக்கும் ஒரு எதிர்வார்த்தை பேசினதில்ல பிள்ள அவ. சார் வந்ததும் சொன்னேன். அவங்க சுவரைப் பாத்தாங்க, அந்த இடம் மட்டும் வெள்ளையா இருந்துச்சு. 'இருக்கட்டும்'னு சொல்லிட்டு கை கழுவப் போயிட்டாங்க.

அந்த ஊர்க்காரங்களுக்கு செப்டம்பர்லதான் புது வருஷம். அது முடிஞ்ச மறுநாளே ராஜாவைக் கொண்டுபோயிட்டாங்க. அரண்மனைக்கு முன்னால ஒரு சின்னக் காரைக் கொண்டு நிறுத்தி அதுல ஏத்திக்கிட்டுப் போனாங்களாம். அவ்வளவு பெரிய ராஜாவை, சின்னக் கார்ல, பின் சீட்ல. அதை நினைச்சாத்தான் எனக்கு இன்னைக்கும் மனசு கேக்க மாட்டேங்குது. ஆனா தெருவுல பாக்கணுமே. இப்போ உன் போன்ல பாத்தோம்லா, அதே சிரிப்பு. முன்னபின்ன தெரியாதவங்க கட்டிப் பிடிச்சுக்கிடுதாங்க. பெண்டுக தொண்டையில இருந்து ஒரு குலவைச் சத்தம் போடுவாங்க, நம்ம குலவை மாதிரியே. திருநெஷ் பியூலாவை முதுகுல கட்டிக்கிட்டு வாசல்ல நின்னு குலவை போடுறா. பியூலாவும் கூடவே கத்துறா. எங்க வீட்டு சார் வராந்தாவுல நின்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க. அழுதாங்களோன்னு எனக்கு சந்தேகம். நான் கேக்கல.

அதுக்கு மறு வருஷம் நிலமெல்லாம் உழுறவனுக்குன்னு சட்டம் வந்துச்சு. திருநெஷோட அம்மாவுக்கும் ஒரு துண்டு நிலம் கிடைச்சுது, அவங்க உழுத அதே நிலம். இவ லீவு கேட்டா. அது வரைக்கும் லீவுன்னு ஒரு பேச்சு இல்ல. போய் அம்மாவோட சேந்து விதைச்சுட்டு வந்தா. அறுப்புக்கும் போனா. திரும்பி வரும்போது ஒரு சின்ன மூட்டை. அடுப்பங்கரைக்கு வரல, முன்வாசல் வழியா உள்ள வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சு விரிச்சு, பார்லி அரிசிய அள்ளி அதுல வச்சா. 'எங்க நிலத்துல விளைஞ்சது. யாருக்கும் பாதி அளக்கல'ன்னா. அவ முகத்தை அன்னைக்குப் பாக்கணும் நீ. கல்யாணப் பொண்ணு மாதிரி இருந்தா.

நல்ல பார்லிதான். கல்லு நிறையக் கிடந்துச்சு. யாரு உக்காந்து பொறுக்குறது? கோழிக்குப் போட்டுட்டேன்.

அப்புறம் தெருவுக்குத் தெரு சங்கம் வச்சாங்க. கெபெலேம்பாங்க. நம்ம ஊர் வார்டு கமிட்டி மாதிரின்னு வச்சுக்கோ. சீனி, கோதுமை எல்லாம் அது வழியாத்தான். வாசிக்கத் தெரிஞ்ச பொம்பளை வேணும்னு திருநெஷைப் பெண்கள் பகுதிக்குத் தேர்ந்தெடுத்துட்டாங்க. இங்கன இருந்துதான் என் பாடு ஆரம்பிச்சுது. காலையில எங்க வீட்ல சட்டி கழுவுவா, சாயங்காலம் நான் கோதுமை வாங்கக் கியூவுல நிக்கணும், இவ மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருப்பா. என்னை 'தோழர் சுகிர்தம்'னு கூப்பிட்டா. அங்க அப்படித்தான் கூப்பிடணும்னு சட்டமாம். கட்டின புருஷன் ஒருத்தரைத் தவிர என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டவங்க கிடையாது.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உக்காந்தோம். திருநெஷ் எங்களுக்குப் பரிமாறிட்டு, தனக்கும் ஒரு தட்டு போட்டு, நாற்காலிய இழுத்துப் போட்டு எனக்கு எதிர்த்தாப்ல உக்காந்தா. சாப்பிட ஆரம்பிச்சா. சார் ரசப் பாத்திரத்தை அவ பக்கமா நகர்த்துனாங்க. நான் எந்திரிச்சு உள்ள போயிட்டேன். நீயே சொல்லு, நான் கஞ்சி கொடுத்துப் பிழைக்க வச்சவ. அந்த நன்றி வேண்டாமா?

கொஞ்ச நாள்ல அவ கெபெலே பக்கத்துலயே ஒரு ரூம்புக்குப் போயிட்டா. பியூலா ரொம்ப நாள் தேடினா. அப்பப்போ வருவா, குழந்தையைப் பாத்துட்டுப் போவா. முதல்ல பேச்சும் சிரிப்புமா வருவா. எழுத்துப் பள்ளிக்கூடம் வைக்கப் போறோம், கிணறு வெட்டப் போறோம்பா. போகப் போக சிரிப்பு குறைஞ்சுட்டு. கெபெலேக்குப் புதுசா ஒரு சேர்மன் வந்தான். முன்னால சாராயக் கடை வச்சிருந்தவன். அவன் கூட துப்பாக்கி வச்ச பயலுக நாலஞ்சு பேரு எப்பவும். 'அவன் கூட்டத்துல என்ன பேசுறான்?'னு சார் கேட்டா, திருநெஷ், 'பிடிக்க வேண்டியவங்க பேர் வாசிக்கான்'ம்பா.

அந்த மிஷினைப் பத்தி இப்போ சொல்லணும். சார் மெட்ராஸ்ல இருந்து கப்பல்ல கொண்டுபோன சைக்ளோஸ்டைல் மிஷின். உனக்குத் தெரியாது. மெழுகுத் தாள்ல எழுதி, உருளையில சுத்தி, மை போட்டுக் கையால சுத்தணும். ஒண்ணு மாதிரி எத்தனை காகிதம் வேணும்னாலும் விழும். கேள்வித்தாள் அடிக்கிறதுக்கு வச்சிருந்தாங்க. ரொம்பக் கெட்டியான சாமான். திருநெஷ் போனப்புறம் அதைத் தகரக் கொட்டகையிலதான் வச்சிருந்தாங்க. பெரிய கிளாஸ் பிள்ளைங்க சாயங்காலம் வந்து உள்ள கதவைச் சாத்திக்கிட்டு கடகடன்னு சுத்துவாங்க. பரிட்சைக்குத் தயார் பண்ணுறாங்கன்னு சார் சொன்னாங்க. நான் டீ போட்டுக் கொடுப்பேன். மரியாதையான பிள்ளைங்க, கையில மையோட எந்திரிச்சு நின்னு வாங்குவாங்க. பரிட்சையே நடக்காத வருஷத்துல எதுக்கு இவ்வளவு கேள்வித்தாள்னு ஒரு தடவை கேட்டேன். சார் மை டப்பாவை எடுத்துக்கிட்டு கொட்டகைக்குப் போயிட்டாங்க. கணக்கு வாத்தியாருங்களே அப்படித்தான்.

எழுபத்தி ஏழுல அந்தப் பிள்ளைங்க வர்றது நின்னு போச்சு. ராஜாவை இறக்கினவங்களுக்குள்ளயே சண்டை. பட்டாளக்காரங்க ஆட்சி வேண்டாம், ஜனங்க ஆட்சி வேணும்னு மாணவருங்க சொன்னாங்களாம். எந்தப் பிள்ளைங்க ராஜாவை எதிர்த்து முதல்ல ஊர்வலம் போச்சோ, அந்தப் பிள்ளைங்களையே சுட்டுப் போட்டாங்க. காலையில சார் பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில அந்தப் பிள்ளைங்க செத்துக் கிடக்கும், கழுத்துல அட்டையைக் கட்டி. சார் ரெஜிஸ்டர்ல பேர் கூப்பிடுறதையே விட்டுட்டாங்க. சில பேரக் கூப்பிட்டா, மத்த பிள்ளைங்க தலையக் குனிஞ்சுக்கிடுமாம்.

நான் பெட்டியைக் கட்டுவோம்னு தினம் சொன்னேன். 'வருஷம் முடியட்டும்'னாங்க. எதுக்காக இருந்தாங்கன்னு எனக்கு இன்னைக்கும் தெரியல.

அப்போதான் ஒரு நாள் நடு மத்தியானம். சார் பள்ளிக்கூடத்துல. திருநெஷ் பின்வாசல் வழியா வந்தா. ஓடி வந்திருக்கா, மூச்சு வாங்குது. 'மிஷின் எங்க?'ன்னா.

'எந்த மிஷின்?'

'சார் மிஷின். எனக்கு அது வேணும். இப்பவே.'

'எதுக்கு?'

'கேக்காதீங்க.'

'சார் வரட்டும். அவங்க பொருளு, அவங்க கிட்டக் கேளு.'

'அவர் வர்ற வரைக்கும் நேரம் இல்ல. அவர் வந்ததும் திருநெஷ் எடுத்துட்டுப் போனான்னு மட்டும் சொல்லுங்க. வேற யாருகிட்டயும், பக்கத்து வீட்ல கூட, ஒரு வார்த்தை பேசாதீங்க.'

பேசாதீங்கன்னு என்கிட்ட சொல்லுதா, என் வீட்ல நின்னுக்கிட்டு. நான் கொட்டகை வாசல்ல கையை விரிச்சு மறிச்சேன். என்னைத் தள்ளிட்டா பிள்ள. நெஞ்சுல கையை வச்சுத் தள்ளிட்டு உள்ள போனா. மிஷினையும் பக்கத்துல கிடந்த மெழுகுத் தாள் கட்டையும் வாரித் தன் வெள்ளைப் போர்வையில சுத்தி, பியூலாவைக் கட்டுவாள்லா, அதே மாதிரி முதுகுல கட்டிக்கிட்டா. கனமான சாமான், முதுகு வளைஞ்சு போச்சு. போகும்போது நின்னு என்னைப் பாத்தா. 'பியூலாவை வெளிய விடாதீங்க'ன்னா. அதையும் ஒரு மிரட்டல் மாதிரிதான் சொன்னா.

எனக்கு வந்த ஆத்திரம் எனக்குத்தான் தெரியும். நாற்காலியில உக்காந்தா, பொறுத்தேன். தோழர்னா, பொறுத்தேன். இப்போ வீட்டுக்குள்ள பூந்து சாமானைத் தூக்கிட்டுப் போறா. நான் தெருவுக்கு ஓடினேன். அங்க திருடனுக்கு 'லேபா'ம்பாங்க. 'லேபா, லேபா'ன்னு கத்தினேன். தெரு முனையில துப்பாக்கிக்காரப் பயலுக வந்துக்கிட்டு இருந்தானுவ, சேர்மனும் கூட. எங்க தெருப் பக்கமாத்தான் வந்தானுவ. அவ ஒரு நிமிஷம் முந்தியிருந்தா தைல மரத்துக்குள்ள மறைஞ்சிருப்பா. நான் கையைக் காட்டினேன். பிடிச்சுட்டானுவ.

பிடிச்சதுக்கப்புறம் நாலு பேரு நேரா எங்க வீட்டுக்குத்தான் வந்தானுவ. கொட்டகை, கட்டிலுக்கு அடியில, அரிசிப் பானை, எல்லாத்தையும் கிளறினானுவ. ஒண்ணும் கிடைக்கல. சேர்மன் என்கிட்ட வந்து மரியாதையாத்தான் பேசினான். அந்த மெழுகுத் தாள்ல அரசாங்கத்துக்கு விரோதமா நோட்டீஸ் இருந்துச்சாம். திருநெஷ், 'மிஷின் அவங்களோடது, நான் திருடினேன். ஒரு மாசமா என்கிட்டத்தான் இருந்துச்சு. நோட்டீஸ் நான்தான் அடிச்சேன், அந்த வெளிநாட்டு வாத்தியாருக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு ஒத்துக்கிட்டாளாம். 'ஒரு மாசமாவா?'ன்னேன். எனக்குக் குழப்பமா இருந்துச்சு. இப்பத்தானே எடுத்துட்டுப் போனா. ஆனா அவன் பேசிக்கிட்டே இருந்தான். 'அம்மா, உங்க வீட்டைத்தான் முதல்ல சந்தேகப்பட்டோம். நீங்க திருடின்னு கத்தினதாலதான் எங்களுக்கு உண்மை தெரிஞ்சுது. அந்தச் சத்தம்தான் உங்க வீட்டுக்காரரக் காப்பாத்திச்சு'ன்னு சொல்லிட்டுப் போனான்.

சார் வந்தாங்க. ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொன்னேன். சேர்மன் சொன்னதையும் சொன்னேன். அவங்க செருப்பைக் கூடக் கழட்டல. சட்டையைச் சரி பண்ணிக்கிட்டு வெளிய கிளம்புனாங்க. 'எங்க போறீங்க?' 'கெபெலேக்கு.' 'எதுக்கு?' 'அவ அடிக்கலன்னு சொல்ல.' நான் பியூலாவைத் தூக்கிட்டு வாசக் கேட்டுக்கு முன்னால போய் நின்னேன். 'அவ அடிக்கலன்னா வேற யாரு அடிச்சதும்பீங்க? திருடினவளுக்காக நம்ம பிள்ளைய அநாதையாக்கப் போறீங்களா?'ன்னு கேட்டேன். பியூலா அவங்க சட்டையப் பிடிச்சுக்கிட்டா. அவங்க வாசல் தாழ்ப்பாள்ல கை வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாங்க. தாழ்ப்பாளை எடுக்கல. திரும்பி வந்து நாற்காலியில உக்காந்தாங்க.

மறுநாள் காலையில பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில திருநெஷ் கிடந்தா.

மத்தவங்களைப் போட்ட அதே இடம். அட்டையில 'ஜனங்களின் எதிரி'ன்னு எழுதியிருந்தாங்களாம். நான் பாக்கப் போகல. சார் அந்த வழியாத்தான் போனாங்க, வேற வழி கிடையாது அவங்களுக்கு.

நான் இன்னும் யோசிக்கேன் பிள்ள. அவளுக்கு எதுக்கு அந்த மிஷின்? நோட்டீஸ் அடிக்கணும்னு என்கிட்டக் கேட்டிருந்தா கொடுத்திருப்பேனா என்ன. ஆனா திருடாம இருந்திருந்தா உயிரோட இருந்திருப்பாள்லா. அதைச் சொன்னா எங்க வீட்டு சாருக்குப் பிடிக்காது. ஊருக்கு வந்தப்புறம் ஒரு தடவை சொன்னேன், சாப்பிட்டுக்கிட்டு இருந்தவங்க பாதியில எந்திரிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் வேலைக்கும் போகல. ஊர்ல இருந்த எங்க நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு, வராந்தாவுல உக்காந்தே இருந்தாங்க. 'சாப்பிடுதேன்', 'வேண்டாம்', 'சரி'. இவ்வளவுதான் என்கிட்டப் பேச்சு. முப்பது வருஷத்துக்கு மேல ஒரு பொம்பளை இப்படி ஒரு மனுஷனோட குடித்தனம் பண்ணிப் பாரு. நான் என்ன தப்பு செஞ்சேன்னாவது சொல்லியிருக்கலாம்லா. சொல்லாமலே போய்ச் சேந்துட்டாங்க.

அவங்களுக்கு என் மேல கோபம் முத்துனது எங்கன்னு எனக்குத் தெரியும். அந்த அம்மா வந்த அன்னைக்குத்தான்.

திருநெஷோட அம்மா. நாங்க பெட்டி கட்டிக்கிட்டு இருந்த நேரம். கிராமத்துல இருந்து நடந்தே வந்திருந்தா. அழக் கூடாதுன்னு அங்க உத்தரவு. இப்படிச் செத்தவங்களுக்கு அழுதா அழுதவங்களையும் பிடிப்பாங்க. அவ அழல. கண்ணு ரெண்டும் காய்ஞ்சு கிடந்துச்சு. முத்தத்துல மண்ணுல உக்காந்தா. நாற்காலி போடச் சொன்னேன், வேண்டாம்னுட்டா. சார் போய் அவளுக்குப் பக்கத்துல, அந்த மண்ணுலயே உக்காந்தாங்க.

அவ சார் கையைப் பிடிச்சு முத்தம் கொடுத்தா. 'நீங்கதானே என் மகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தது. எங்க வம்சத்துல எழுதப் படிச்சது அவ ஒருத்திதான். கடவுள் உங்களை நல்லா வைக்கணும்'னா. சார் கையை உருவிக்கிடப் பாத்தாங்க, அவ விடல. அப்புறம் போர்வைக்குள்ள இருந்து அந்த அட்டையை எடுத்தா. எங்கயோ அதை எடுத்து வச்சிருந்திருக்கா. மடியில வச்சு நீவி நீவி விட்டுட்டு சார் கிட்டக் கொடுத்தா.

'இது அவ கழுத்துல இருந்துச்சாம். அவதான் எழுதியிருப்பா, வேற யாரு இவ்வளவு அழகா எழுதுவா? எனக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கான்னு சொல்லுங்க.'

சார் அட்டையைக் கையில வச்சுக்கிட்டு இருந்தாங்க. ரெண்டே வார்த்தைதான் அது. அதைப் படிக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டாங்க. அப்புறம் அந்த ஊர் பாஷையில மெதுவாச் சொன்னாங்க.

'அம்மா, நிலத்தை விட்டுராதேன்னு எழுதியிருக்கா.'

அந்தக் கிழவி அட்டையைத் திரும்ப வாங்கிப் பாத்தா. தலையை ஆட்டிக்கிட்டே இருந்தா. 'அதைத்தான் சர்க்கார் பண்ணைக்குன்னு போன மாசம் எடுத்துக்கிட்டாங்களே'ன்னா. 'அது தெரியாது அவளுக்கு. நான் சொல்லி அனுப்பல. வேலையா இருப்பாளே, மனசு கஷ்டப்படுவாளேன்னு இருந்துட்டேன்.'

படிச்ச மனுஷன், உபதேசியார் வீட்டு மருமகன், மண்ணுல உக்காந்து அப்படி ஒரு பொய்யைச் சொல்லுதாங்க, அதுவும் பிள்ளையைப் பறிகொடுத்தவ கிட்ட. எனக்குத் தாங்கல. எங்க அப்பா வீட்ல பொய்யே கிடையாது. உள்ளதைச் சொல்லிருவோம்னு, 'அம்மா, அதுல என்ன எழுதியிருக்குன்னா'ன்னு நான் வாயெடுத்தேன்.

சார் தலையத் தூக்கி என்னைப் பாத்தாங்க. நான் அப்படியே நிறுத்திட்டேன்.

அவங்க என்னை நேருக்கு நேரா பாத்தது அதுதான் கடைசி.